கார் ஸ்பீக்கரில் வேண்டாத சத்தமா? அது நுழையும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் மெல்லிய விசில் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசிலும் கூடவே ஏறுகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது ஒரு நாய்ஸ் ஃபில்டர் வாங்கி மாட்டுவதுதான். சில நேரம் சத்தம் குறையும். ஆனால் தளர்ந்த எர்த் (காரின் உலோக பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) தளர்ந்தபடியே கிடக்கும், கொஞ்ச நாளில் வேறு உருவில் தொல்லை திரும்பும். சத்தம் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்கத் தேவையிருக்காது. ஒரு போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டுவது, ஒரு வயரை இடம் மாற்றுவது, உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகான கெயினைக் குறைப்பது, இவ்வளவில் வேலை முடிந்துவிடும்.

முதலில் காதால் கேளுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் வண்டியில் உட்கார்ந்து கேளுங்கள். இன்ஜின் அணைந்திருக்கச் சாவியை மட்டும் திருப்பி ஒருமுறை, ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றி ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும், கொஞ்சம் ஏற்றியும் கவனியுங்கள். ரேடியோ, ப்ளூடூத், யுஎஸ்பி, ஆக்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். ஹெட்லைட், ஏசி ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு அணையுங்கள்.

இதில் மிக முக்கியமான தகவல் வால்யூமிலிருந்து கிடைக்கிறது. வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் அதே அளவில் இருந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய பிறகு நுழைகிறது. அதாவது ஆர்சிஏ கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் கொண்டுபோவது), ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்), எர்த், ஸ்பீக்கர் வயர் ஆகியவற்றில் ஒன்று. வால்யூமோடு சேர்ந்து சத்தமும் ஏறி இறங்கினால், கோளாறு அதற்கு முன்னால்: ஆக்ஸ் கேபிள், போன் சார்ஜர், ஆன்டெனா. இந்த ஒரே கேள்வி பாதி வண்டியைத் தேடலிலிருந்து நீக்கிவிடும்.

சத்தத்தின் குணமும் பேசும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அதே வேகத்தோடு 'டிக் டிக்' என்று வந்தால் இக்னிஷன். எப்போதும் ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்றால் கெயின். ஆன், ஆஃப் செய்யும்போது மட்டும் 'டப்' என்றால், ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் வயர். பாட்டில் குறிப்பிட்ட பாஸ் வரும்போது மட்டும் கரகரத்தால் அது மின்சாரக் கோளாறாக இல்லாமலும் போகலாம். அதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

கையில் வேண்டியவை

மல்டிமீட்டர், உப்புத்தாள், 3 அல்லது 4 மீட்டர் தடித்த வயர், கூடுதலாக ஒரு ஆர்சிஏ கேபிள், 3.5 மில்லிமீட்டர் ஜாக்கிலிருந்து ஆர்சிஏவுக்குப் போகும் கேபிள், 1.5 வோல்ட் செல் ஒன்று. இவற்றோடு இரண்டு ஷார்ட்டிங் பிளக். பழைய ஆர்சிஏ பிளக்கை வெட்டி, நடு முனையையும் வெளி உலோக வளையத்தையும் ஒன்றாகச் சால்டர் செய்தால் ஷார்ட்டிங் பிளக் தயார். இந்தத் தேடலில் இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

பவர் வயரிலோ எர்த் வயரிலோ கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் இருக்கும் பகுதியைத் திறப்பதானால் கழற்றிய பிறகு வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது.

பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போங்கள்

ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ), ஆர்சிஏ, ஆம்ப், ஸ்பீக்கர் என்று சங்கிலி நீள்கிறது. அதை நடுவில் துண்டித்துப் பார்ப்பதுதான் வேகமான வழி.

படி 1: ஆம்ப் முழுவதும் அணைந்திருக்கும்போது அதன் இன்புட்டிலிருந்து ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றி, ஷார்ட்டிங் பிளக்குகளை மாட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆம்பை ஆன் செய்யுங்கள். இன்புட்டைச் சும்மா திறந்து விடக்கூடாது. திறந்த இன்புட் ஆன்டெனா போல அக்கம்பக்கத்துச் சத்தத்தை இழுத்துக்கொண்டு உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிடும். பிளக் போட்ட பிறகும் சத்தம் இருந்தால், கோளாறு ஆம்பின் பவரில், எர்த்தில், ஸ்பீக்கர் வயரில், அல்லது ஆம்பிலேயே இருக்கிறது. சத்தம் நின்றுவிட்டால் ஆம்ப் பக்கத்தை விட்டுவிட்டு முன்னால் போங்கள். ஷார்ட்டிங் பிளக் ஆம்பின் இன்புட்டுக்கு மட்டும்தான். ஹெட் யூனிட்டின் அவுட்புட்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

படி 2: சார்ஜரில் இல்லாத போனை 3.5 மில்லிமீட்டர் கேபிள் வழியாக நேரே ஆம்பின் இன்புட்டில் கொடுங்கள். போன் தன் சொந்த பேட்டரியில் ஓடுவதால் வண்டியின் எர்த்தோடு அதற்கு வேறு தொடர்பு இல்லை. இப்போது பாட்டு சுத்தமாக வந்தால், ஆம்ப் மீது சந்தேகமே வேண்டாம்.

படி 3: புதிய ஆர்சிஏ கேபிளை ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப் வரை சீட்டின் மேலேயே விரித்துப் போட்டு இணையுங்கள். சத்தம் போனால் பழைய கேபிளோ அது போகும் பாதையோ தவறு. போகவில்லை என்றால் எர்த் லூப் (இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே ஆர்சிஏ வழியாக ஓடும் மின்னோட்டம்), அல்லது ஹெட் யூனிட்.

படி 4: ஹெட் யூனிட்டைக் கழற்றி, ஆர்சிஏ கேபிள்களை எடுத்துவிட்டு, அதன் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். வழக்கமாக ஏறத்தாழ பூஜ்யம் காட்டும். கிலோ ஓம் கணக்கில் காட்டினாலோ இணைப்பே இல்லை என்றாலோ, உள்ளே சர்க்யூட் போர்டில் அந்த எர்த் பாதையில் இருக்கும் மிகச் சிறிய ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆம்ப் ஆனில் இருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கி மாட்டுவதும், ஆம்பின் எர்த் கழன்றுபோய் அதன் மின்னோட்டம் முழுவதும் ஆர்சிஏ ஷீல்டு (கேபிளின் வெளி உலோக உறை) வழியாகத் திரும்ப முயல்வதும் இதைப் பொசுக்கிவிடும். ஆர்சிஏவின் வெளி வளையத்திலிருந்து ஹெட் யூனிட் பெட்டிக்கு ஒரு சிறு வயரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால் நோய் உறுதி. அந்த வயரை நிரந்தரமாகவே விட்டுவிடுபவர்கள் உண்டு. போர்டில் உள்ள ஃபியூஸை மாற்றுவதே முறையான வைத்தியம். எதைச் செய்தாலும் முதலில் ஆம்பின் எர்த்தைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் புதிய ஃபியூஸும் போகும்.

ஆம்பிலும் இதே அளவை எடுத்துவிட்டுப் பதற வேண்டாம். பல ஆம்புகளில் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் பவர் எர்த்துக்கும் இடையே வேண்டுமென்றே சில நூறு ஓமோ அதற்கு மேலோ வைத்திருப்பார்கள். லூப் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் அந்த ஏற்பாடு.

எர்த்: பாதிக் கோளாறுகளின் வீடு

ஹெட் யூனிட் டாஷ்போர்டில் ஓரிடத்தில் எர்த் ஆகிறது. ஆம்ப் டிக்கியில் வேறோர் இடத்தில் எர்த் ஆகிறது. ஆல்டர்னேட்டர், ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றின் மின்னோட்டமும் காரின் பாடி வழியாகவே திரும்புவதால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஆர்சிஏ ஷீல்டு அந்த இரண்டு இடங்களையும் இணைக்கிறது. வித்தியாசம் இருக்கும்போது ஷீல்டு வழியாக மின்னோட்டம் ஓடும். அதே ஷீல்டுதான் பாட்டு சிக்னலின் திரும்பும் பாதையும். ஆகவே அந்த மில்லிவோல்ட் சிக்னலோடு கலந்துவிடுகிறது. வெறும் 10 மில்லிவோல்ட் கலந்து, ஆம்ப் அதை 20 மடங்கு பெருக்கினால், ஸ்பீக்கரில் 0.2 வோல்ட். அமைதியான வண்டியில் அது நன்றாகவே கேட்கும்.

அது ஏன் விசிலாகக் கேட்கிறது? ஆல்டர்னேட்டர் உருவாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி. அதை டயோடுகள் டிசியாக மாற்றும்போது சிறு அலை மிச்சமிருக்கும். 6 ஜோடி துருவம் கொண்ட ஆல்டர்னேட்டர், இன்ஜின் ஐடிலில் 2000 ஆர்பிஎம் சுற்றினால் அந்த அலை 1200 ஹெர்ட்ஸில் அமையும். இன்ஜின் வேகம் கூடக்கூட அதுவும் ஏறும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் அது விழுவதுதான் நம் துரதிர்ஷ்டம்.

ஆம்பின் எர்த்தைப் போடும் முறை: வயர் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், பவர் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும். பாடியின் முக்கியத் தகட்டில், வெல்டிங் வலுவாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயின்ட், பிரைமர் இரண்டும் போய் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாள் போடுங்கள். கிரிம்ப் செய்த ரிங் லக், பல் வாஷர், போல்ட், பின்னால் நட். தகடு திருகு காலப்போக்கில் தளரும், அதை நம்ப வேண்டாம். இறுக்கிய பிறகு மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசினால் துரு ஏறாது. துளை போடும் முன் தகட்டின் மறுபக்கம் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் ஏதும் இல்லை என்று குனிந்து பார்த்துவிடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் போடவே கூடாது. அது உயிர்காக்கும் போல்ட். அதன் இழைகளில் பூசியிருக்கும் பசை மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது.

போட்ட எர்த் நல்லதா என்று சோதிக்க ஓம் அளப்பதுதான் பலரின் பழக்கம். அது ஏமாற்றும். 0.01 ஓம் தடை இருந்தாலே 50 ஆம்பியர் ஓடும்போது 0.5 வோல்ட் இழப்பு வரும். சாதாரண மல்டிமீட்டரால் 0.01 ஓமைக் காட்ட முடியாது. மீட்டரின் சொந்த வயர்களே 0.2 ஓம் காட்டும். ஆகவே வேலை செய்யும்போதே வோல்ட்டை அளவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டைச் சத்தமாக ஓடவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் எங்கோ பாதை பலவீனம். அடுத்து ஒரு முனையை ஆம்ப் அருகே பாடியில் சுரண்டிய வேறோர் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். இழப்பு ஆம்பின் எர்த் போல்ட்டிலா, பேட்டரிக்கும் பாடிக்கும் இடையிலா என்று தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் பட்டைகளைக் கவனியுங்கள். பச்சை பூத்து, துரு ஏறியிருக்கும்.

ஹெட் யூனிட்டின் எர்த்தையும் மறக்க வேண்டாம். தடித்த வயர் ஒன்றை அதன் உலோகப் பெட்டியிலிருந்து ஆம்பின் எர்த் போல்ட் வரை தற்காலிகமாக இழுத்துப் பிடியுங்கள். விசில் குறைந்தால் டாஷ்போர்டு பக்க எர்த் மோசம். ஹார்னஸில் வரும் மெல்லிய வயரை விட்டு, டாஷ்போர்டின் பின்னாலுள்ள உலோகக் குறுக்குச் சட்டத்தில் புதிய எர்த் போடுங்கள். இரண்டு ஆம்ப் இருந்தால் இரண்டுக்கும் ஒரே போல்ட்.

புதிய வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினல் மேலேயே பேட்டரி சென்சார் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் ஆம்பின் எர்த்தை நேரே பேட்டரி முனையில் கொடுக்காமல் பாடியில் கொடுங்கள். சென்சாரைத் தாண்டி இணைத்தால் வண்டியின் சார்ஜிங் கணக்கு தவறும்.

ஆல்டர்னேட்டரே பழுதென்றால்

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் விசில் பலமாக இருக்கிறது, ஹெட்லைட்டும் லேசாகத் துடிக்கிறது என்றால் டயோடு ஒன்று போயிருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சாதாரணம். 0.5 அளவுக்குப் போனால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். மிக மலிவான சில மீட்டர்கள் டிசியையும் சேர்த்துத் தவறான ஏசி அளவைக் காட்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது அதே அளவை எடுத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேபிள் போகும் பாதை

பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். கடக்க வேண்டிய இடத்தில் 90 டிகிரியில் கடக்கட்டும். வண்டியின் ஃபேன் மோட்டார், இன்ஜின் கம்ப்யூட்டர், எரிபொருள் பம்ப் வயர் ஆகியவற்றுக்கு அருகே ஆர்சிஏவைக் கட்ட வேண்டாம். முறுக்கிய ஜோடி வயர் கொண்ட ஆர்சிஏ நல்லது. விலையுயர்ந்த தடித்த ஷீல்டு, எர்த் லூப்பை ஒன்றும் செய்யாது.

சீறல்: கெயின் என்பது வால்யூம் இல்லை

இன்ஜின் அணைந்தாலும் மாறாத 'ஸ்ஸ்ஸ்', குறிப்பாக ட்வீட்டரில், பெரும்பாலும் கெயினை முழுக்கத் திருகி வைத்ததன் விளைவு. ஹெட் யூனிட் தரும் வோல்ட்டுக்கும் ஆம்ப் எதிர்பார்க்கும் வோல்ட்டுக்கும் இடையே பொருத்தம் பார்ப்பதுதான் கெயினின் வேலை.

சரியாக வைக்கும் முறை இது. ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஈக்வலைசரைச் சமமாக்கி, பாஸ் பூஸ்டை அணைத்து, ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்துங்கள். சப்வூஃபர் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினல்களில் ஏசி வோல்ட் அளந்தபடி, குறித்த வோல்ட் வரும் வரை கெயினை மெல்லத் திருகுங்கள். அந்த வோல்ட்டைக் கணக்கிட, வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4 ஓமில் 75 வாட் என்றால் 300இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். 4 ஓமில் 50 வாட் என்றால் 14.1 வோல்ட். கதவு ஸ்பீக்கர் சேனலுக்குப் பலரும் 1000 ஹெர்ட்ஸ் டோன் பயன்படுத்துவார்கள். ஆனால் விலை குறைந்த பல மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டாது. எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகும் என்று பிரிக்கும் க்ராஸ்ஓவரை அணைத்துவிட்டு 200 ஹெர்ட்ஸ் டோனில் வைப்பது நம்பகமானது. முடிந்ததும் க்ராஸ்ஓவரைத் திரும்பப் போட்ட பிறகே ஸ்பீக்கரை இணையுங்கள்.

போனைச் சார்ஜரில் போட்டால் மட்டும் வரும் சத்தம்

சார்ஜரின் நெகட்டிவும் ஆக்ஸ் கேபிளின் நெகட்டிவும் போனுக்குள்ளே ஒன்றாகச் சேர்கின்றன. சார்ஜ் மின்னோட்டத்தின் ஒரு பங்கு ஆக்ஸ் ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் நின்றுவிடும், வேறு சோதனை தேவையில்லை. ப்ளூடூத்துக்கு மாறுவது, அல்லது ஹெட் யூனிட்டின் யுஎஸ்பியிலிருந்தே பாட்டைப் போடுவது எளிய தீர்வு. ஆக்ஸ்தான் வேண்டுமென்றால் ஆக்ஸ் கேபிளில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். உள்ளே இருப்பது சிறு டிரான்ஸ்ஃபார்மர். மலிவானவற்றில் ஆழமான பாஸ் குறையும். ஃபில்டர் வகைப் பொருளை மனதார ஏற்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கம்பெனி ஸ்டீரியோவோடு தனி ஆம்ப் சேர்த்தவர்களுக்கு

கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயர் இரண்டிலுமே சிக்னல் இருக்கிறது, எதுவும் எர்த் இல்லை. இரண்டு வயரும் பாடியைப் பொறுத்தவரை பேட்டரி வோல்ட்டின் பாதியளவு, 6 அல்லது 7 வோல்ட் டிசியில் நிற்கும். நெகட்டிவ் வயரை எர்த்தில் சேர்த்தால் ஸ்டீரியோ போய்விடும். ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ அளவுக்குக் குறைக்கும் லைன் கன்வெர்ட்டர் இல்லாமல் ஆர்சிஏ இன்புட்டில் கொடுத்தால் சத்தமும் பழுதும் இரண்டும் வரும். ஆம்பில் ஸ்பீக்கர் வயரை நேரே ஏற்கும் ஹை லெவல் இன்புட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று பலரை வாரக்கணக்கில் அலைக்கழிக்கிறது. சில வண்டிகளில் இன்ஜின் உறுமலைக் குறைக்கக் கூரையில் மைக் வைத்து, எதிர் அலையை ஸ்பீக்கர் வழியாக விடும் இரைச்சல் நீக்கும் அமைப்பு உண்டு. சப்வூஃபர் சேர்த்ததும் அந்த எதிர் அலை பலமடங்காகி, வண்டி ஓடும்போது ஆழமான 'ஊம்ம்' ஆகிவிடும். பாட்டே போடாதபோதும் வரும். எர்த்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்த மைக்குகளின் கனெக்டரையோ அமைப்பின் தனிப் பெட்டியின் கனெக்டரையோ கழற்றிவிட்டால் நின்றுவிடும்.

ரேடியோவில் மட்டும்

ஆன்டெனா கேபிளைப் பிடுங்குங்கள். சத்தம் போனால் அது காற்றில் பரவி ஆன்டெனா வழியாக வருகிறது. பிறகு டேஷ்கேம், எல்இடி ஹெட்லைட், சார்ஜர் என ஒவ்வொன்றாக இணைப்பையே பிடுங்கிப் பாருங்கள், அணைத்தால் மட்டும் போதாது. குற்றவாளி கிடைத்ததும் அதன் வயரை ஃபெரைட் வளையத்தில் 3 சுற்று சுற்றி, அந்தப் பொருளுக்கு மிக அருகில் பொருத்துங்கள். 'டிக் டிக்' சத்தமானால் ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகைதானா என்று பாருங்கள். ஆன்டெனாவின் அடிப்பகுதி கூரைத் தகட்டோடு எர்த் ஆகாமல் துருப்பிடித்திருப்பதும் அடிக்கடி நடக்கும்.

ஆன், ஆஃப் 'டப்'

ஆம்பின் ரிமோட் வயரை இக்னிஷனில் கொடுக்காமல், ஹெட் யூனிட்டின் ரிமோட் அவுட்புட்டிலேயே கொடுங்கள். அப்போதுதான் ஆம்ப் கடைசியாக விழித்து முதலில் தூங்கும். இடையில் ரிலே வைத்திருந்தால், அதன் காயில் அணையும்போது எதிர்வோல்ட் உதைக்கும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி இணைத்தால் அடங்கும்.

மின்சாரமே காரணமில்லாத கரகரப்பு

ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். இணைப்பு எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் கதவு கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வயர் உரசிக் கிழிந்திருக்கும். இரண்டு வயருக்கும் இடையே 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 1.5 வோல்ட் செல்லைக் கணநேரம் தொட்டால் கோன் சுத்தமாகத் துள்ள வேண்டும். பிறகு நான்கு விரல்களைச் சம இடைவெளியில் வைத்துக் கோனை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் உரசுகிறது, அந்த ஸ்பீக்கரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் கதவையே சந்தேகியுங்கள். 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனை ஓடவிட்டு, கரகரக்கும் இடத்தில் நிறுத்தி, கதவின் உள்பலகை, பவர் விண்டோ ஸ்விட்ச், நம்பர் பிளேட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். கை வைத்ததும் சத்தம் நின்ற இடம்தான் அது. கிளிப் உடைந்திருந்தால் மாற்றுங்கள், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்தில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். உள்பலகையைக் கழற்றியதும் தொங்கும் வயர் முடிச்சுகளையும், பூட்டுக்குப் போகும் கம்பிகளையும் துணி டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். அங்கே இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். மழைநீரை வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். ஓரம் விட்டுப்போய்ப் படபடத்தால், பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் மீண்டும் ஒட்டிவிட்டுக் கதவை மூடுங்கள்.